எண் பொய் சொல்லுமா?



மதுரையிலிருந்து தேனிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? செக்கானூரணி, உசிலம்பட்டி என்று சமவெளியிலேயே ஓடிய சாலை, ஆண்டிப்பட்டிக் கணவாயில் மேலேறத் தொடங்கும். சித்திரை வெயிலில், பாரம் ஏற்றிய பழைய லாரி ஒன்று அந்த ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும்போது ஓட்டுநரைக் கவனியுங்கள். அவருடைய ஒரு கண் சாலையில் இருக்கும். மற்றொரு கண் 'ஹீட் மீட்டரில்' இருக்கும். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று காட்டும் கருவி அது.

வெயிலில் ஏன் இந்தக் கவலை? ரேடியேட்டர் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அது எவ்வளவு விரைவாகக் கொடுக்கும் என்பது, நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரி செல்சியஸ், மார்கழி விடியற்காலைக் காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 65. சித்திரை நண்பகலில் காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 50 மட்டுமே. ரேடியேட்டரின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடுகிறது! எஞ்சினோ ஏற்றத்தில் கூடுதல் வெப்பத்தை வெளியிடுகிறது. நீர் கொதித்து வற்றினால் உலோகப் பாகங்கள் விரிவடைந்து இறுகிவிடும். ஒரே லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பேரிடி.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தைக்கு அப்படிப்பட்ட லாரி ஒன்று உண்டு. முப்பது வயதைத் தாண்டிய வண்டி. அதன் முள் மீட்டர்கள் எல்லாம் ஓய்ந்துபோயின. அவர் டிஜிட்டல் மீட்டர் தொகுப்பு ஒன்றை வாங்கி, கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பொருத்திக்கொண்டார். நீரின் வெப்பநிலை, எண்ணெயின் அழுத்தம், பாட்டரியின் வோல்ட் எல்லாம் சிவப்பு எண்களில் பளிச்சிட்டன. மூன்றாம் நாளே என்னைத் தேடி வந்தார்.

"சார், பகல்ல 88 காட்டுது. ராத்திரி ஹெட்லைட்டைப் போட்ட உடனே 96-க்குத் தாவுது. அணைச்சா மறுபடி 88. எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்கணும்னு சொல்றாங்க சார்."

"அண்ணே, அவசரப்பட்டுப் பிரிச்சுடாதீங்க. முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்" என்றேன்.

ஒரு சிறு கணக்கு

நீங்களும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் ஏறத்தாழ 20 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ நீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. 20 கிலோ நீரை 8 டிகிரி சூடாக்க 20 x 4.2 x 8 = 672 கிலோஜூல் வேண்டும். அதுவும் ஒரு நொடியில்! அப்படியானால் 672 கிலோவாட் திறன் தேவை. இத்தகைய லாரி எஞ்சினின் திறன் ஏறத்தாழ 110 குதிரைத்திறன்; அதாவது 82 கிலோவாட்டே. எட்டு எஞ்சின்கள் சேர்ந்து உழைத்தால்தான் அந்த நீரை ஒரு நொடியில் அவ்வளவு சூடாக்க முடியும்.

ஆகவே நீர் சூடாகவில்லை, எண்தான் தாவுகிறது. ஏன் தாவுகிறது? அதை அறிய மீட்டரின் உள்ளே சற்று எட்டிப் பார்க்கவேண்டும்.

முள்ளும் எண்ணும்

பழைய அழுத்த மீட்டரின் உயிர், வளைந்த ஓர் உலோகக் குழாய். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் போர்டன் 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெயின் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர முயலும். அதனுடன் பிணைத்த முள் நகரும். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

டிஜிட்டல் மீட்டர் வேறு வகை. உண்மையில் அது வெப்பநிலையை அளப்பதே இல்லை! அளப்பது, எஞ்சினில் திருகியிருக்கும் சிறிய பித்தளைக் குமிழ். பட்டறையில் அதைச் சென்சார் என்பார்கள். அதற்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும். வெள்ளி சல்பைடு என்னும் பொருளில் இப்படிப்பட்ட விந்தைப் பண்பை மைக்கேல் பாரடே 1833-இலேயே கண்டார்.

மீட்டருக்குள் 5 வோல்ட் மின்னழுத்தமும் 1000 ஓம் மின்தடை ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் சென்சார் தொடராக இணைந்திருக்கிறது. 88 டிகிரியில் சென்சாரின் தடை 250 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி சென்சாருக்குக் கிடைக்கும் பங்கு 5 x 250 / 1250 = 1 வோல்ட். மீட்டரில் உள்ள சில்லு, 5 வோல்ட்டை 1024 சிறு படிகளாகப் பிரித்து, இந்த 1 வோல்ட் எத்தனையாவது படி என்று எண்ணும். பிறகு தன் நினைவிலுள்ள அட்டவணையைப் பார்த்து '88' என்று காட்டும்.

அதாவது, அந்தச் சில்லுக்குத் தெரிந்தது வோல்ட் மட்டுமே. நீரை அது கண்டதே இல்லை!

குற்றவாளி யார்?

சென்சாருக்கு மீட்டரிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் வருகிறது. திரும்பும் வழி எஞ்சினின் உலோக உடலே. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையில் ஒரு பின்னல் பட்டை இருக்கும்; அதுதான் 'எர்த்'. ஹெட்லைட்டுகளுக்கான ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம், எஞ்சினோடு பிணைந்த ஆல்டர்னேட்டரிலிருந்து புறப்பட்டு, விளக்குகளைக் கடந்து, சேஸிஸ் வழியாக அந்தப் பட்டையில் ஏறித்தான் வீடு திரும்புகிறது.

நண்பரின் வண்டியில் அந்தப் பட்டை துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடந்தது. அதன் தடை 0.02 ஓம் இருந்தாலே போதும். 10 x 0.02 = 0.2 வோல்ட் அங்கே இழப்பாகும். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை டேஷ்போர்டின் எர்த்திலும் வைத்து, விளக்கைப் போடச் சொன்னேன். சொல்லிவைத்தாற்போல் 0.2 வோல்ட் காட்டியது!

சேஸிஸைவிட எஞ்சின் 0.2 வோல்ட் கீழே இறங்கிவிட்டது. இப்போது பங்கிடப்படுவது 5.2 வோல்ட். சென்சாரின் பங்கு 1.04 வோல்ட். ஆனால் மீட்டர் சேஸிஸிலிருந்துதானே அளக்கிறது? அது காண்பது 1.04 - 0.2 = 0.84 வோல்ட். வோல்ட் குறைந்தால் தடை குறைந்ததாகப் பொருள். தடை குறைந்தால் சூடு ஏறியதாகப் பொருள். சில்லு தன் அட்டவணைப்படி 96 என்றது. அதன்மீது குற்றமில்லை!

பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து இறுக்கினோம். மீட்டரின் எர்த் கம்பியை நேரே எஞ்சின் உடலிலேயே பொருத்தினோம். அதன்பின் விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் 88 அசையவில்லை. எஞ்சின் பிரிபடாமல் தப்பியது.

இன்னும் ஒரு பாடம்

விடைபெறும்போது அவரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொன்னேன். "அண்ணே, ஏற்றத்துல எண் ஏறினா மட்டும் பயப்படணும்னு இல்ல. காரணமில்லாம திடீர்னு இறங்கினாலும் வண்டியை நிறுத்திடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால், சென்சார் நீரில் மூழ்கியிராது, காற்றில் தொங்கும். சூட்டை அதற்குக் கொண்டுவரும் நீர் இல்லாததால் அது மெல்லக் குளிரும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, எண் 'எல்லாம் நலம்' என்று காட்டக்கூடும்.

மறு கோடையில் அதுவே நடந்தது. கணவாயின் பாதி ஏற்றத்தில் 94 என்று இருந்த எண் 80, 72 என்று சரிந்தது. முன்பாக இருந்தால் மகிழ்ந்திருப்பார். இப்போது உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். கீழ்க்குழாய் கிழிந்து, ரேடியேட்டரில் ஒரு சொட்டு நீர் இல்லை. சூடு ஆறும்வரை காத்திருந்து, புதிய குழாய் மாட்டி, நீர் நிரப்பி, மாலையில் தேனி போய்ச் சேர்ந்தார். இன்று அவர் வண்டியில் நீர்மட்டம் குறைந்தால் ஒலிக்கும் மணி ஒன்றும் இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்துக்குப் போர்டன் குழாய் மீட்டர் ஒன்றைத் தனியே மாட்டியிருக்கிறார். இரண்டு சாட்சிகள் இருப்பது நல்லதல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

வானொலி உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் ஒரு தெர்மிஸ்டர் வாங்குங்கள். அதன் கம்பிகளில் நீர் படாதபடி மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டுங்கள். ஆசிரியர் துணையுடன், அதையும் ஆய்வக வெப்பமானியையும் ஒரு பாத்திர வெந்நீரில் வையுங்கள். நீர் ஆற ஆற, ஐந்து டிகிரிக்கு ஒருமுறை மல்டிமீட்டரில் தடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக வருகிறதா, வளைகிறதா? பிறகு தெர்மிஸ்டரை மட்டும் நீருக்கு வெளியே தூக்குங்கள். பாத்திரம் சுடுகிறது, மீட்டர் என்ன சொல்கிறது?

எண் தெளிவாக இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. அது எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். அளவீட்டுக் கலையின் முதற் பாடம் அதுவே.