மலை இறங்கியும் காதுக்குள் 'ஙொய்'... ஏன்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிடும். ஆனால், வல்வில் ஓரி விழாவுக்குப் போய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று ஆடிவிட்டு, ராத்திரி படுத்ததும் 'ஙொய்'னு கேட்குதே, அது வேற கதை.

உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் முடி செல்கள் சுமார் 15,000 தான். பெருஞ்சத்தத்தில் சோர்ந்தவை ஓரிரு நாளில் தேறிடும், இரைச்சலும் அடங்கும். செத்தவை திரும்ப முளைக்காது.

100 டெசிபலை 15 நிமிடம் கேட்டாலே அன்றைய அளவு முடிஞ்சுது. திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 15 நிமிடம் ஒரு மணி நேரமாகும். பஞ்சு உதவாது, ஃபோம் இயர்பிளக் வாங்குங்க.

இரைச்சலோடு ஒரு காது திடீரென மந்தமானால், அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.