பழந்தண்ணியும் மோரும்: புளிப்பின் பயனும் நாம் கவனிக்க வேண்டியவையும்

பெண்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எனது வழக்கம். பலர் சற்றுத் தயங்கித்தான் "பழந்தண்ணி" என்பார்கள். "வேற ஒண்டும் இல்லாததால குடிக்கிறம் பிள்ளை, அதில என்ன சத்து இருக்கு?" என்று ஒரு அம்மா கேட்டார். விடிய முன்னர் கூலி வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு, அடுப்பு மூட்டாமலே கிடைக்கும் உணவு அது. அதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். சகல நோய்க்கும் மருந்தென்று நம்பவும் வேண்டாம். முறையாகச் செய்தால் நல்லது, முறை தவறினால் தீங்கு என்பதே உண்மை.

சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நன்மை தரும் பற்றீரியாக்கள் பெருகி, மாச்சத்தின் ஒரு பகுதியை இலற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு அதனால்தான் வருகிறது. புளிப்பு ஏற ஏறப் பல நோய்க்கிருமிகள் வளர முடியாமற் போகின்றன.

"புளிச்சால் வெறிக்காதோ?" என்றும் சிலர் கேட்கிறார்கள். குடியால் நொந்த வீடுகளில் இது நியாயமான பயம். கள்ளைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் மதுவம். அது சீனியை மதுசாரமாக்குகிறது. பழந்தண்ணியிலும் மோரிலும் நடப்பது பிரதானமாக அமிலப் புளிப்பு. வெறிக்கும் அளவுக்கு மதுசாரம் அதில் உண்டாவதில்லை. பதநீர் இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதும் மதுவம் வேலை செய்யாமல் தடுக்கத்தான்.

இனி இரத்தச்சோகை பற்றி. ஊற வைப்பதால் சோற்றில் இரும்புச்சத்து புதிதாகத் தோன்றுவதில்லை. தவிட்டில் உள்ள ஒரு பொருள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. புளிக்கும்போது அது குறைவதால், இருக்கும் இரும்பு உடலில் சேர்வது சற்று இலகுவாகிறது. தவிடு நீங்காத சிவப்புக் குத்தரிசி சிறந்தது. தேசிக்காய்ப் புளி விட்டால், அதிலுள்ள விற்றமின் சி மேலும் உதவும். உடனே தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பழந்தண்ணி ஈடாகாது. மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையையும் மோரையும் ஒரே நேரத்தில் எடுக்கவும் வேண்டாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. மத்தியானச் சோறு இரவு வரை வெளியில் கிடந்தால் அதை ஊற வைக்க வேண்டாம். சமைத்த பின்னும் சாகாத சில கிருமிகள் இளஞ்சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

2. இரவுச் சோற்றைத் தட்டில் பரப்பி விரைவாக ஆற வைத்து, 1 மணித்தியாலத்துக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே பாவியுங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்ல மோர் விட்டால் புளிப்பு விரைவாகப் பிடிக்கும்.

3. மண்சட்டி அல்லது சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம், செம்பு, பித்தளை புளிப்புக்கு ஆகாது. கையை விடாமல் கழுவிய அகப்பையால் கிளறி, மூடி வையுங்கள்.

4. 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் குடித்து முடியுங்கள். நூல்போல் இழுபட்டாலோ, பூஞ்சணம் பிடித்தாலோ, கெட்ட மணம் வந்தாலோ யோசியாமல் கொட்டி விடுங்கள்.

மோருக்கும் சுத்தமே முதல். பாலை நன்கு பொங்கக் காய்ச்சி, ஆறிய பின்னரே உறைமோர் விட வேண்டும். பச்சைப்பாலில் மாட்டிலிருந்து தொற்றும் கிருமிகள் இருக்கலாம். கடைந்த மோரில் சேர்க்கும் தண்ணீரும் கொதித்தாறியதாக இருக்கட்டும். பால் குடித்தால் வயிறு பொருமுகிற பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். ஏனெனில் பாலிலுள்ள சீனியின் ஒரு பகுதியைப் பற்றீரியாக்கள் முன்னரே உடைத்துவிடுகின்றன. பிரசர் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பழஞ்சோறும் சோறுதான்; அளவோடு சாப்பிடுங்கள்.

6 மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குப் பழந்தண்ணியை நம்பியிராமல் ஜீவனி கரைத்துக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கர்ப்பிணிகளும் நீண்டகால நோய்க்கு மருந்தெடுப்பவர்களும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டுக் குடியுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தாகமென்று சோடாவுக்குக் காசு கேட்கும்போது, இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட ஒரு கோப்பை மோரை நீட்டிப் பாருங்கள். அந்தக் காசில் ஒரு முட்டை வாங்கலாம், சகோதரிகளே.