மெட்டு மறைந்த பாடல்கள்

திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்டவர்கள் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனங்களை நன்கறிவர். அவற்றுள் பலவற்றுக்கு இன்று நாம் கேட்கும் வர்ணமெட்டு அவர் அமைத்ததன்று. 1846-இல் மகாராஜா மறைந்த பின், சாகித்தியங்கள் ஏட்டில் தங்கின. பாடுவோர் நாவையே நம்பியிருந்த மெட்டுகள் பல தேய்ந்து போயின. முல்லைமூடு பாகவதர்களின் கோயில் மரபிலே சில பிழைத்தன. மற்றவற்றிற்கு மெட்டமைக்கும் பணியை 1930களிலும் 40களிலும் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசய்யரும் ஏற்றனர். 1939-இல் தோன்றிய சங்கீத அகாடமி அதற்கு நிலைக்களமாயிற்று.

‘பாவயாமி ரகுராமம்’ என்னும் கீர்த்தனத்தைப் பாருங்கள். முன்பு அது முழுவதும் சாவேரியில் இருந்தது. பல்லவியையும் அனுபல்லவியையும் சாவேரியிலேயே நிறுத்தி, ஆறு காண்டங்களைக் கூறும் ஆறு சரணங்களுக்கும் நாட்டைக்குறிஞ்சி முதல் மத்தியமாவதி வரை ஆறு ராகங்களைத் தந்தார் செம்மங்குடி. ‘இது மகாராஜாவின் பாட்டுத்தானா?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் மெட்டமைப்பவர் மனம்போனபடி செய்துவிட இயலாது என்பதையும் நாம் கருத வேண்டும். சொல்லே அவரைக் கட்டுகிறது.

எவ்வாறு எனில், முதலெழுத்து ஒன்றி வருவதை முகனா என்றும், இரண்டாமெழுத்து ஒன்றுவதைப் பிராசம் என்றும், ஈறு ஒன்றுவதை அந்தியப் பிராசம் என்றும் வகுத்து, இவை கீர்த்தனத்தில் அமையும் முறையைப் பற்றி மகாராஜாவே வடமொழியில் ஒரு நூல் செய்துள்ளார். நம் மோனை, எதுகை, இயைபு என்பவற்றின் உறவினர் இவர்கள். ஒன்றி வரும் எழுத்துகள் தாளத்தில் ஒத்த இடங்களில் விழுந்தாலன்றிச் செவிக்குப் புலப்படா. ஆகவே பழைய மெட்டு போனாலும், அதன் எலும்புக்கூடு சாகித்தியத்துள் கிடக்கிறது.

இதே நிலையைக் கடல் கடந்தும் காண்கிறோம். ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஏடேறிய ‘எட்டா’ப் பாடல்கள் பழைய நார்ஸ் மொழியில் அமைந்தவை. அவற்றின் தொல்லிசை நமக்குக் கிட்டவில்லை. 1780-இல் பிரெஞ்சு நூலொன்று அச்சிட்ட சில மெட்டுகளும் மிகப் பிற்காலத்துப் பதிவே. ஆனால் அப்பாடல்களின் உயிர்நாடி மோனை. அடியின் இரு பாதியிலும் இவ்விரண்டு அழுத்தங்கள் உண்டு. பிற்பாதியின் முதல் அழுத்தம் எவ்வெழுத்தோ, அதனோடு முற்பாதியில் ஒன்றேனும் மோனை கொள்ள வேண்டும். நம் யாப்பில் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ மட்டுமே இனம். அவர்களுக்கோ எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனையாம்! சற்றுத் தாராளந்தான்.

அவற்றைக் குரலுக்கும் பியானோவுக்குமாக இன்று இசையமைப்பவர், மோனை விழும் அசையைத் தாளத்தின் வலிய இடத்தில் வைத்தால் பாட்டு நிமிர்ந்து நிற்கும். ஓசை இனிமைக்காக அதை நகர்த்தினால் உரைநடையாகிவிடும். இதில் பியானோ நல்ல துணை. அதன் கமகமற்ற சுரம் சாவேரிக்கு உதவாது. ஆனால் சுத்தியல் தந்தியைத் தாக்கியவுடன் ஒலி எழுந்து, உடனே தேயத் தொடங்குகிறது. குரல் மோனையெழுத்தில் ஊன்றும் கணத்தில் அத்தாக்குதலும் சேர்ந்து விழலாம். பின் எழும் மெல்லொலியில் அடுத்த சொல் தெளிவாகக் கேட்கும்.