ஏட்டிலிருந்து இசைக்கு

தேர்வுக்காகப் படிப்பது ஒரு வகை. விரும்பிப் படிப்பது மற்றொரு வகை. முன்னதில் பாடத்திட்டம் வழிகாட்டும். பின்னதிலோ ஒரு நூலே அடுத்த நூலுக்கு வழி சொல்லும். இரண்டாம் வகைப் படிப்புக்கென நாள்தோறும் இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது என் வழக்கம். அவ்வழக்கமே என்னை ஜாஸ் இசையிடம் கொண்டு சேர்த்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவினின் ‘சன்னியின் புளூஸ்’ என்னும் சிறுகதையே தொடக்கம். அது 1957-இல் வெளிவந்தது. அண்ணன் பள்ளி ஆசிரியர். தம்பி பியானோ வாசிப்பவன். தம்பியின் துயரம் அண்ணனுக்கு நெடுநாள் விளங்கவில்லை. இறுதியில் அவன் வாசிக்கக் கேட்கும்போதுதான் விளங்குகிறது. சொல்லால் ஆகாததைச் செய்த அந்த இசை எத்தகையது என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. ஜாஸ் வரலாற்று நூல்களைத் தேடிப் படித்தேன், படித்தவற்றைக் கேட்டேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே ஜாஸ் உருவாயிற்று. அடிமைத் தளையில் வாடிய முன்னோரின் பாடல்கள் அதற்கு ஊற்றாயின. அவ்வழி வந்த புளூஸின் அமைப்பு எளியது. நான்கு எண்ணிக்கை கொண்ட பகுதிகள் பன்னிரண்டு. ஆக, 48 எண்ணிக்கை ஒரு சுற்று. நம் தாள ஆவர்த்தனம்போல் அது மீண்டும் மீண்டும் வரும். அதற்குள் ஒவ்வொரு கலைஞரும் தம் கற்பனையை அவ்வப்போதே படைப்பர். கற்பனைச் சுரம் கேட்டுப் பழகிய நமக்கு இது முற்றிலும் புதிதன்று.

மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டில் முதலாவது ‘சோ வாட்’. அது நம் கரகரப்பிரியாவின் சுரங்களையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் நம் இசையில் ஆதார சுருதி நிலைத்து நிற்கும். இங்கோ 16 பகுதிகள் கழிந்ததும் அனைத்தும் அரைச் சுரம் மேலேறி, எட்டுப் பகுதிகளுக்குப் பின் பழைய இடத்திற்கே இறங்கும். விரல்விட்டு எண்ணிக் கேளுங்கள். அந்த ஏற்றம் தெளிவாகப் புலப்படும்.

அந்த இசைத்தட்டு வெளியான அதே ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க்கில் தாம் வாசித்துக்கொண்டிருந்த விடுதியின் வாயிலில் நின்ற டேவிசைக் காவலர் தலையில் அடித்துக் குருதி வழிய இழுத்துச் சென்றனர். இதைப் படித்த பிறகு அவ்விசையின் அமைதி எனக்கு வேறாக ஒலிக்கிறது. அது துன்பமறியாதவரின் அமைதி அன்று. இழிவுபடுத்த முயன்ற உலகின் நடுவே ஒருவர் காத்துக்கொண்ட மாண்பு. செவி மட்டும் இதைச் சொல்லியிராது. ஏடு மட்டும் இதை உணர்த்தியிராது.

‘நம் இசை இருக்க இது எதற்கு?’ என்று நண்பர்கள் வினவுவதுண்டு. ‘சோ வாட்’ கேட்ட செவியோடு கரகரப்பிரியா ஆலாபனை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதே சுரங்கள்; ஆயினும் நம் கமகம் அவற்றை எப்படி அசைத்துக் குழைக்கிறது என்பது முன்னினும் நன்கு விளங்கும். பிறர் கலையை அறிவது நம் கலையை மறப்பதாகாது. அதை மேலும் அறிவதே ஆகும்.