புகைக்குழாய்க்கும் வயதுண்டு

மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் நாம் கையில் எடுப்பது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் மாற்றுடையையும்தான். மழை விட்ட பிறகே வீட்டு ஆண்கள் திரும்பிப் போய், உதவக்கூடியவற்றைக் கழற்றி வருவார்கள். கதவு, கூரைத் தகரம் இவற்றோடு அடுப்பின் புகைக்குழாயும் தோளில் ஏறி வரும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. கொழுந்து பறித்தவர்களும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களும் வீடிழந்தார்கள். புதிய இடத்தில் முதலில் மூட்டப்படுவது அடுப்பு. அதற்குப் பொருத்தப்படுவது பெரும்பாலும் பழைய குழாய்.

"பத்து வருசம் நின்ற குழாய் தம்பி, இன்னும் நல்லாத்தான் இருக்கு. புதுசு வாங்கக் காசுக்கு எங்க போறது?" என்று ஒரு தாய் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. குழாயை வாங்கிப் பார்த்தோம். வெளிப்புறம் சுத்தமாகத்தான் இருந்தது. மூட்டுப் பக்கம் பெருவிரலால் அழுத்தியபோது தகரம் உள்ளே போய்விட்டது. அந்தக் குழாய் அடுப்பில் ஏறியிருந்தால், பக்கத்தில் தொட்டிலில் கிடந்த பேரப்பிள்ளைதான் முதலில் புகையைச் சுவாசித்திருக்கும்.

உள்ளிருந்து வரும் பழுது

விறகில் ஈரம் இருந்தால் புகையிலும் நீராவி இருக்கும். குளிர்ந்த குழாயில் அது வியர்த்து, புளிப்புத் தன்மையுள்ள நீராகக் கரியோடு கலந்து தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும். நாகம் பூசிய தகரமானால் முதலில் அந்தப் பூச்சு போகும், பிறகு துரு தொடங்கும். வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அதே ஈர விறகு தார் போன்ற பிசுக்கையும் குழாயில் படியவைக்கும். அது தீப்பிடிக்கும் பொருள். ஒருநாள் அடுப்பில் மிலாறு அதிகம் வைத்து எரித்தால், குழாய்க்குள்ளேயே நெருப்பு பற்றி இரைச்சலோடு எரியும். துருப்பிடித்த ஓட்டை வழியாகப் பொறி பறக்கும்.

புகையின் தீமை இருமலோடும் கண்ணெரிச்சலோடும் நிற்பதில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. புகையோடு வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவடைத்துத் தூங்கும் குளிர்ந்த இரவில் அது உயிரையே வாங்கும். அடுப்பங்கரையில் தலையிடியும் மயக்கமும் வந்து, வெளியே போனதும் குறைந்தால், குழாயைச் சந்தேகியுங்கள்.

பரிசோதிப்பது எப்படி?

அடுப்பு அணைந்து ஒரு நாள் ஆன பிறகு குழாயைக் கழற்றுங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றில் கட்டிய கோணித் துண்டையோ தும்புத் தூரிகையையோ உள்ளே இழுத்துக் கரியை எடுங்கள். கரி கால் அங்குலம் தடித்திருந்தால் நெடுநாளாகவே ஆபத்தோடு வாழ்ந்திருக்கிறோம் என்று பொருள். அரைக்கால் அங்குலம் ஆனதுமே துப்புரவு செய்ய வேண்டும்.

பிறகு நான்கு சோதனைகள். ஒன்று, கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்னும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். இரண்டு, மூட்டு, வளைவு, நெடுந்தையல், கூரையைக் கடக்கும் பகுதி ஆகியவற்றைப் பெருவிரலால் அழுத்துங்கள். மூன்று, இருட்டறையில் குழாய்க்குள் டோர்ச் அடித்து, வெளியே வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். நான்கு, மீண்டும் பொருத்தியபின் சிறிது பச்சை இலையை எரித்து, எந்த மூட்டில் புகை கசிகிறது என்று அவதானியுங்கள்.

விரல் உள்ளே போனாலோ வெளிச்சம் தெரிந்தாலோ அந்தத் துண்டை மாற்றியே ஆகவேண்டும். சீமெந்து பூசுவதும் தகரப்பேணியை வெட்டிச் சுற்றுவதும் சில நாட்களுக்கே தாங்கும். குழாய் அஸ்பெஸ்டஸ் ஆனால் அறுக்கவோ சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கடுஞ்சூட்டில் அது வெடிக்கவும் கூடும்.

மாற்றும்போது

புதிய குழாய் பழையதன் அகலத்திலேயே இருக்கட்டும். ஒடுக்கமானதை வாங்கினால் புகை வீட்டுக்குள் திரும்பும். அடுப்பை ஒட்டிய பகுதிக்குச் செங்கல்லோ கறுப்பு இரும்போ நல்லது. நாகம் பூசிய தகரத்தை அங்கே வைத்தால் மிகுந்த சூட்டில் பூச்சு கெட்டு நச்சுப்புகை வரும்.

மேல்துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த்துண்டுக்குள் இறங்கவேண்டும். அப்போது வடியும் பிசுக்கு வெளியே ஒழுகாமல் அடுப்புக்கே திரும்பும். மூட்டுக்கு மூன்று திருகாணிகள் போடுங்கள். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். பலகை, மரச்சட்டம், துணி எதுவும் குழாயிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது. குழாயின் தலை கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரவேண்டும். 10 அடிக்குள் முகடு இருந்தால் அதைவிட 2 அடி உயரமாக வையுங்கள்.

தார்ப்பாய்க் கூரைக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயைத் தார்ப்பாய் வழியே விடவே வேண்டாம். சற்றுத் தள்ளி, பக்கம் திறந்த தகரக் கொட்டகையில் சமையுங்கள். குளிருக்காகத் தணலை உள்ளே எடுத்துச்சென்று கதவடைத்துப் படுப்பதும் கூடாது.

போட்டால் மட்டும் போதாது

புகைக்குழாய் வைத்த அடுப்பு புதிய யோசனையல்ல. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியியலாளர் 1950களிலேயே அப்படியோர் அடுப்பைப் பரப்பினார். இந்திய அரசு 1980களில் தொடங்கிய அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. ஆனால் துப்புரவும் திருத்தமும் இல்லாததால் பல வீடுகளில் குழாய்கள் பயனற்றுப் போயின. நம் நாட்டில் பரவிய அநகி அடுப்பு விறகைச் சேமிக்கிறது, ஆனால் அதற்குக் குழாய் கிடையாது. புகை போகும் வழியை நாமே அமைக்கவேண்டும்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனபோது பலர் மீண்டும் விறகுக்கு வந்தார்கள். விறகு நம்மை விட்டுப் போகாதவரை குழாயின் கவலையும் போகாது. ஹட்டன் பக்கம் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை விறகை வெட்டி அடுக்கி, மேலே மட்டும் மூடி, காற்றுப்பட உலர விடுங்கள். உலர்ந்த விறகு குழாயின் ஆயுளைக் கூட்டும்.

குழாய்க்குள் தீப்பற்றினால் அடுப்பின் வாயை மூடி, எல்லோரையும் வெளியேற்றுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த காம்பராக்களையும் தட்டி எழுப்புங்கள். லயனில் சுவர் தனித்தனி, கூரை ஒன்று. ஒரு வீட்டுக் குழாயின் ஓட்டை முழு லயனுக்கும் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னர் லயனுக்கு ஒருநாள் குறித்து, எல்லா வீட்டுக் குழாய்களையும் ஒன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஏணி ஒருவரிடம் இருக்கும், டோர்ச் ஒருவரிடம் இருக்கும், கைவேலை தெரிந்தவர் ஒருவர் இருப்பார். வாங்க முடியாத வீட்டுக்கு ஒரு துண்டுக் குழாயைச் சேர்ந்து வாங்கிக்கொடுத்தால், அது நம் கூரைக்கும் காவல்.

அந்தத் தாய் பழைய குழாயில் நல்லதாக நின்ற இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டார். அரித்த துண்டை மட்டும் மாற்றினார். முழுக் குழாயும் வாங்க வேண்டியிருக்கவில்லை.