இரண்டு முறை விண்ணுக்குப் போன கோள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேபிள்காரர்கள் மொட்டைமாடியில் நிறுத்திய பெரிய டிஷ் எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டார் டிவிக்காக வைத்த டிஷ் என்றால், ஆசியாசாட்-1. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், 105.5 டிகிரி கிழக்கில் அது நின்றது.

புவிநிலைப் பாதை பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நேராகக் கோளுக்குள் போவோம். அதில் 24 டிரான்ஸ்பாண்டர்கள். தரையிலிருந்து வரும் அலையை வாங்கி, அதிர்வெண் மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. நான் வளர்ந்த திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் கிணறும் முற்றமும் பொது, அடுப்பு தனித்தனி. கோளிலும் மின்சாரமும் ஆண்டெனாவும் பொது; டிரான்ஸ்பாண்டர் அவரவர் வாடகைக்கு. ஸ்டார் டிவி, சீன அரசுத் தொலைக்காட்சி, மங்கோலியா, மியான்மர், பாகிஸ்தான் என்று குடித்தனங்கள். 1992-ல் ஜீ டிவியும் வந்தது. சொந்தக் கோள் விட வசதியில்லாத நாடுகளுக்கு இந்த வாடகை ஏற்பாடு பெரிய உதவி.

என்னைக் கவர்ந்தது இதன் பூர்வீகம். முதலில் இதன் பெயர் வெஸ்டார்-6. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்ணோடம் இறக்கிவிட்டது. மேலே உந்த வேண்டிய ராக்கெட் மோட்டார் பாதியில் அணைந்துபோக, கோள் தாழ்ந்த பாதையில் சிக்கிக்கொண்டது. அதே பயணத்தில் போன இந்தோனேசியாவின் பாலாப்பா பி-2 கோளுக்கும் அதே கதி. காப்பீட்டுக்காரர்கள் இழப்பீடு கொடுத்தார்கள். கோள் அவர்கள் சொத்தானது.

நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் தேடிப் போனது. விண்வெளி வீரர் டேல் கார்ட்னர் முதுகில் உந்துகலத்தை மாட்டிக்கொண்டு வெஸ்டாரை நெருங்கி, அதன் மோட்டார் வாய்க்குள் நீண்ட கம்பி ஒன்றைச் செருகிச் சுழற்சியை நிறுத்தினார். உள்ளிருந்து அன்னா ஃபிஷர் இயந்திரக் கையை இயக்க, கார்ட்னரும் ஜோசப் ஆலனும் கோளைக் கையாலேயே பிடித்து உள்ளே ஏற்றினார்கள். முதலில் மீட்ட பாலாப்பாவும் ஏற்கெனவே உள்ளே இருந்தது. பிறகு ‘விற்பனைக்கு’ என்று எழுதிய அட்டையோடு படமும் எடுத்துக்கொண்டார்கள்!

பழுது பார்த்த கோளை ஹாங்காங்கின் ஆசியாசாட் நிறுவனம் வாங்கியது. 1990 ஏப்ரல் 7 அன்று சீனாவின் லாங் மார்ச்-3 அதை மறுபடி ஏற்றியது. பாலாப்பாவும் ஆறே நாளில் இன்னொரு ராக்கெட்டில் திரும்பிப் போனது.

இப்படி மீட்டுப் பிழைக்கவைத்த பொருள்தான் நம் தெருவுக்குப் புதிய சேனல்களைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பாடம் நிலைக்கவில்லை. டிரான்ஸ்பாண்டர்கள் நன்றாக இருக்கும்போதே, இடத்தில் நிறுத்திவைக்கும் எரிபொருள் தீர்ந்ததென்று எத்தனையோ கோள்களைச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளிக் கைவிட்டுவிடுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. 2020 பிப்ரவரியில்தான் எம்.இ.வி-1 என்ற கலம் எரிபொருள் தீரவிருந்த இன்டெல்சாட்-901 கோளைப் பற்றிக்கொண்டு, அதற்கு மேலும் ஐந்தாண்டு வேலை கொடுத்தது. அத்தகைய கலங்கள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. புதிய கோளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.