ஞாபகம் உள்ள சக்கரங்கள்

1947-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக் காட்லீப் கம்பெனியார் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற பின்பால் யந்திரத்தை வெளியிடும் வரையில், அந்த ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு இருந்த வேலையெல்லாம், வில்லை இழுத்துவிட்டு எஃகுக் குண்டை மேலே ஏற்றுவதும், சரிவான பலகையில் அது எங்கே முட்டி எந்தக் குழியில் விழுகிறதென்று பார்த்து நிற்பதும், பொறுமை போனால் பெட்டியைப் பிடித்து உலுக்குவதுமே. ஹாரி மாப்ஸ் என்பவர் பலகையின் இரு ஓரங்களிலும் மும்மூன்றாக ஆறு சிறு துடுப்புகளை வைத்து, அதிர்ஷ்டத்தின் வசமிருந்த ஆட்டத்தில் கைச் சாமர்த்தியத்துக்கும் ஒரு பங்கு வாங்கிக் கொடுத்தார். (நியூயார்க் நகரத்தாரோ இதைச் சூதாட்டமென்றே சாதித்து, 1942-இல் விதித்த தடையை 1976 வரை விடவில்லை.) உலுக்குகிறவர்களுக்கோ உள்ளே ஒரு காவலாளி உண்டு: கம்பியில் தொங்கும் கூம்புக் குண்டு, சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுவிட்டால், ‘டில்ட்’ என்று விளக்கு எரிந்து ஆட்டம் போயிற்று.

துடுப்பின் அடியில் செப்புக் கம்பிச் சுருளும், அதனுள் போய்வரும் இரும்புத் தண்டும் இருக்கின்றன. பொத்தானை அழுத்திய க்ஷணத்தில் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்க, துடுப்பு எழும்பி, 80 கிராம் குண்டை உச்சிவரை விரட்டுகிறது. விரல் எடுபடாமல் அந்தப் பலத்த மின்சாரம் நீடித்தால் சுருள் கருகிவிடுமாகையால், துடுப்பு எழுந்து முடியும் இடத்தில் ஒரு சுவிட்சு திறந்துகொண்டு, மெல்லிய கம்பியாலான வேறொரு சுருளின் வழியாகவும் மின்சாரத்தைப் போகச் செய்து, துடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அதை இளைக்க வைக்கிறது.

ஆயினும், என் அபிப்பிராயத்தில், இதனினும் அழகானது கணக்குப் பார்க்கும் முறைதான். 1950-களுக்குப் பின் எண் சக்கரங்கள் பூண்டு வந்த யந்திரங்களில், ஆடுகிறவன் ஐம்பது எண் பெற்றால், அடிப்பெட்டியில் உள்ள மோட்டார் சுழன்று, அதன் தண்டில் மாட்டிய வட்டு ஐந்து முறை சுவிட்சைத் தட்ட, தட்டுக்கொரு படியாகப் பத்தின் சக்கரம் நகர, மணியும் ஐந்து முறை அடிக்கிறது. தலை நிமிராமலே காதால் எண்ணிக்கொள்ளலாம். ஒன்பதில் நிற்கும் சக்கரம் தன்னிடமுள்ள சுவிட்சை மூடி வைத்திருப்பதால், அடுத்த தட்டில் அது பூஜ்யத்துக்குப் போகும்போதே பக்கத்துச் சக்கரமும் ஒரு படி ஏறிவிடுகிறது. பள்ளிப் பிள்ளை ‘மிச்சம் ஒன்று’ என்று விரலில் வைத்துக்கொள்வதை இந்தச் சக்கரம் தன் நிலையில் வைத்துக்கொள்கிறது.

அதனால்தான், கடைக்காரர் இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனாலும், கடைசியாக ஆடியவன் எடுத்த எண் மறுநாள் காலையிலும் அப்படியே நிற்கும். புதிதாகக் காசு விழுந்த பிறகே, மோட்டார் கடகடவென்று சுழன்று, ஒவ்வொரு சக்கரத்தையும் படிப்படியாகப் பூஜ்யத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்.